முதல் அதிபரும் முதல் கடனும்: ஜார்ஜ் வாஷிங்டன் ஆட்சி (1789–1797) குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுதலைப் போரில் வென்ற படைத்தலைவராக ஜார்ஜ் வாஷிங்டனைத் தமிழ் வாசகர்கள் பலரும் அறிவார்கள். அமெரிக்காவின் முதல் அதிபராக அவர் ஆண்ட எட்டு ஆண்டுகள் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. அந்த ஆண்டுகளில் எழுந்த அரசியல் சிக்கல்களில் பெரும்பாலானவை போர்க்கடன் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதே என் கருத்து. அந்தக் கோணத்திலிருந்தே கீழ்க்காணும் விடைகளை எழுதியிருக்கிறேன்.

வாஷிங்டன் பொறுப்பேற்றபோது நாடு எந்த நிலையில் இருந்தது?

1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க் நகரில் ஃபெடரல் ஹால் கட்டடத்தின் மாடத்தில் நின்று அவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். விடுதலைக்காகப் போரிட்ட 13 மாநிலங்களில் 11 மட்டுமே அன்று புதிய அரசமைப்பை ஏற்றிருந்தன. வட கரோலினா அவ்வாண்டு நவம்பரிலும், ரோட் ஐலண்ட் 1790 மே மாதத்திலுமே வந்து சேர்ந்தன. 1790-இல் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் ஏறத்தாழ 39 லட்சம் பேர் வாழ்ந்தனர்; அவர்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். வடமேற்கில் டெட்ராய்ட், நயாகரா முதலிய கோட்டைகளை, சமாதான ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுப்பதாகச் சொல்லியிருந்தும், பிரிட்டன் காலி செய்யவில்லை. மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரம் ஸ்பெயினின் கையில் இருந்தது. கூட்டாட்சி நீதிமன்றங்களோ வரி வசூலிக்கும் அதிகாரிகளோ இன்னும் அமையவில்லை, கருவூலத்திலும் பணமில்லை.

அதிபரின் சொந்த நிலையும் இதற்குப் பொருந்தியே இருந்தது. வாஷிங்டனிடம் நிலபுலம் மிகுதி, ரொக்கம் குறைவு. உள்ளூர்க் கடன்களை அடைக்கவும் நியூயார்க் பயணச் செலவுக்குமாக அலெக்சாண்ட்ரியா நகரத்துச் செல்வர் ஒருவரிடம் 600 பவுண்டு கடன் வாங்கிக்கொண்டுதான் அவர் பதவியேற்கப் புறப்பட்டார்.

அவ்வளவு கடன் எப்படிச் சேர்ந்தது?

வரி விதிக்கும் உரிமை இல்லாத ஓர் அமைப்பு எட்டு ஆண்டுகள் போர் நடத்தியதால் சேர்ந்தது. புதிய அரசமைப்புக்கு முந்தைய ஏற்பாட்டில், நாடாளுமன்றமான காங்கிரஸ் மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது. எனவே அது காகிதப் பணத்தை அச்சடித்தது. 'காண்டினென்டல்' எனப்பட்ட அந்தத் தாள், எதற்கும் பயனற்ற பொருளைக் குறிக்கும் வசைச்சொல்லாகவே மாறும் அளவுக்கு மதிப்பிழந்தது. பிரான்ஸ் அரசிடமும் டச்சு வங்கியாளர்களிடமும் கடன் வாங்கியது. வீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகவும், உழவர்களுக்குத் தானியத்துக்கும் குதிரைக்கும் விலையாகவும் 'பின்னர் தருகிறோம்' என்ற உறுதிச்சீட்டுகளை வழங்கியது. இறக்குமதிப் பொருள்களுக்கு 5 விழுக்காடு தீர்வை விதிக்க 1781-இல் முயன்றபோது, எல்லா மாநிலங்களும் ஒப்பவேண்டும் என்ற விதியால் ரோட் ஐலண்ட் என்ற சிறு மாநிலத்தின் மறுப்பே அதை வீழ்த்தப் போதுமானதாயிற்று.

மாநிலங்களும் தனித்தனியே கடன்பட்டிருந்தன. அக்கடனை அடைக்க மாசசூசெட்ஸ் கடுமையாக வரி வசூலித்ததும், நிலத்தை இழக்கும் நிலைக்கு வந்த உழவர்கள் முன்னாள் போர்வீரரான டேனியல் ஷேஸ் தலைமையில் 1786-இல் நீதிமன்றங்களை முற்றுகையிட்டதும், வலுவான மைய அரசு வேண்டும் என்ற குரலை உயர்த்தின.

புதிய அரசின் முதல் வருவாய் எது?

சுங்கத் தீர்வை. 1789 ஜூலை 4 அன்று வாஷிங்டன் தீர்வைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அம்மாத முடிவிலேயே துறைமுகங்களில் சுங்க அலுவலகங்கள் நிறுவச் சட்டம் வந்தது. கள்ளக் கடத்தலைத் தடுக்க மறு ஆண்டு பத்து ரோந்துப் படகுகளுக்கும் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாட்சிக்காலம் முழுவதும் அரசின் வருவாயில் மிகப் பெரும்பகுதி இத்தீர்வையிலிருந்தே வந்தது; இறக்குமதியில் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து வந்தது. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் அவ்வரசின் வெளியுறவுக் கொள்கையில் பாதி விளங்கிவிடும்.

கருவூலச் செயலர் ஹாமில்டன் முன்வைத்த திட்டம் என்ன?

1790 ஜனவரியில் அலெக்சாண்டர் ஹாமில்டன் காங்கிரசுக்கு அளித்த அறிக்கையின்படி, வெளிநாட்டுக் கடன் 1 கோடியே 17 லட்சம் டாலர். நிலுவை வட்டியோடு உள்நாட்டுக் கடன் 4 கோடி டாலருக்கும் மேல். மாநிலங்களின் கடன் அவரது மதிப்பீட்டில் 2 கோடியே 50 லட்சம் டாலர். மொத்தம் 8 கோடியை நெருங்கியது. இதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யலாம் என்றவர்களும் உண்டு. ஹாமில்டன் அதை ஏற்கவில்லை. பழைய சீட்டுகளை முகமதிப்புக்கே ஏற்று, அவற்றுக்குப் பதிலாக வட்டி தரும் புதிய பத்திரங்களை அரசு வழங்கவேண்டும் என்றார். அந்த வட்டிக்கென்று குறிப்பிட்ட வருவாயை ஒதுக்கவேண்டும், மாநிலங்களின் போர்க்கடனையும் மைய அரசே சுமக்கவேண்டும் என்றார். வாங்கிய கடனை மதிக்கும் அரசுக்கு அடுத்த நெருக்கடியில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும், பத்திரம் வைத்திருக்கும் செல்வர்களும் அந்த அரசு நிலைக்கவேண்டும் என்று விரும்புவார்கள் என்பதே அவரது கணக்கு.

அத்திட்டத்தை நேர்மையற்றது என்று சிலர் எதிர்த்தது ஏன்?

பத்திரங்கள் அப்போது யார் கையில் இருந்தன என்பதுதான் காரணம். போர் முடிந்து வெறுங்கையோடு ஊர் திரும்பிய வீரர், சம்பளத்துக்கு ஈடாகக் கிடைத்த சீட்டை டாலருக்கு 15 அல்லது 20 சென்ட் விலையில் விற்றிருந்தார். வீட்டில் பசி, அரசு எப்போது பணம் தரும், தருமா என்பதே தெரியாது, அவருக்கு வேறு வழியில்லை. முழு மதிப்பும் தரப்படும் என்ற செய்தி நியூயார்க்கில் கசிந்தவுடன், அது உள்நாட்டுச் சிற்றூர்களுக்கு எட்டுவதற்கு முன்பே வணிகர்கள் ஆட்களை அனுப்பி எஞ்சிய சீட்டுகளை வாங்கிக் குவித்தார்கள். ஆகவே வீரரின் குருதிக்கு உரிய தொகை, அவரிடமிருந்து ஐந்தில் ஒரு பங்கு விலைக்குச் சீட்டை வாங்கியவரைப் போய்ச் சேரவிருந்தது.

1790 பிப்ரவரியில் வர்ஜீனிய உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன், காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் ஒரு நடுவழியைச் சொன்னார். இப்போது பத்திரம் வைத்திருப்பவருக்குச் சந்தையின் உச்ச விலையைக் கொடுப்போம், எஞ்சியதை முதலில் அதைப் பெற்றவருக்குக் கொடுப்போம் என்றார். 36-க்கு 13 என்ற வாக்கில் அது தோற்றது. சீட்டுகள் பல கை மாறியிருக்கின்றன, முதல் உரிமையாளரைக் கண்டுபிடிப்பது கடினம், கைமாறிய பத்திரத்துக்கு முழு உரிமை உண்டு என்ற நம்பிக்கை உடைந்தால் எந்தப் பத்திரமும் விலைபோகாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. அவ்வாதம் பொருளியல் நோக்கில் வலுவானதுதான். ஹாமில்டனின் திட்டம் நாட்டின் நம்பகத்தன்மையை நிலைநிறுத்தியது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் உரிமையாளரைக் கண்டறிய முடிந்த இடங்களிலாவது வீரருக்கு ஏதேனும் கொடுத்திருக்கலாம். படைப்பிரிவுகளின் பதிவேடுகள் இருந்தன, மனம்தான் இல்லை. இந்த ஆட்சியின் மீது எனக்குள்ள முதன்மையான குறை இது.

மாநிலக் கடனுக்கும் தலைநகருக்கும் என்ன தொடர்பு?

மாநிலக் கடன்களை மைய அரசு ஏற்பதில் மாசசூசெட்சும் தென் கரோலினாவும் ஆர்வம் காட்டின. அவற்றின் சுமை பெரிது. தன் கடனில் பெரும்பகுதியை முன்பே அடைத்துவிட்ட வர்ஜீனியாவோ, அடுத்தவர் கடனுக்கு நாங்கள் ஏன் வரி கட்டவேண்டும் என்று கேட்டது. 1790 ஏப்ரலில் அத்திட்டம் 31-க்கு 29 என்ற வாக்கில் தோற்றது. அதே வேளையில் தலைநகரை எங்கே அமைப்பது என்ற பூசலும் தீராமல் இருந்தது. ஜூன் மாதத்தில் வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சனின் இல்லத்தில் நடந்த விருந்தில் ஹாமில்டனும் மேடிசனும் உடன்பாட்டுக்கு வந்ததாக ஜெஃபர்சனே பின்னர் எழுதியிருக்கிறார்: கடன் திட்டம் நிறைவேறும், தலைநகர் தெற்கே பொட்டோமாக் ஆற்றங்கரைக்கு வரும். ஜூலையில் தலைநகர்ச் சட்டமும் ஆகஸ்டில் கடன் சட்டமும் நிறைவேறின. இடைப்பட்ட பத்து ஆண்டுகளுக்குத் தலைநகர் பிலடெல்பியாவுக்குச் சென்றது.

தேசிய வங்கி ஏன் அரசமைப்புச் சிக்கலாக மாறியது?

வங்கி தொடங்கும் அதிகாரம் அரசமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. 1791 பிப்ரவரியில் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதா 1 கோடி டாலர் மூலதனத்தில் 20 ஆண்டு உரிமத்தோடு ஒரு வங்கியை அமைத்தது. ஐந்தில் ஒரு பங்கு அரசுடையது. எழுதப்படாத அதிகாரம் மாநிலங்களுக்கே உரியது என்று ஜெஃபர்சனும் அரசு வழக்கறிஞர் எட்மண்ட் ராண்டால்ஃபும் எழுதிக்கொடுத்தனர். வரி வசூலிக்கும் அதிகாரம் கொடுத்தால் அதற்குத் தேவையான கருவியை அமைக்கும் அதிகாரமும் அதனுள் அடங்கும் என்று ஹாமில்டன் விடை எழுதினார். இரு தரப்பையும் எழுத்தில் கேட்டுப் படித்த பிறகே வாஷிங்டன் கையெழுத்திட்டார். அதிபரின் முடிவெடுக்கும் முறை இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அவர் பொருளியல் வல்லுநர் அல்லர்; ஆனால் தமக்குத் தெரியாததை ஒன்றுக்கொன்று முரண்பட்ட இருவரிடம் கேட்டறியும் பொறுமை அவருக்கு இருந்தது.

1792-இல் ஏற்பட்ட பங்குச்சந்தைச் சரிவு எத்தகையது?

ஹாமில்டனிடம் முன்பு துணைச் செயலராக இருந்த வில்லியம் டூயர், கடன் வாங்கிப் பத்திரங்களில் ஊக வணிகம் செய்தார். அவர் மார்ச் மாதத்தில் கடனைத் திருப்பித் தர முடியாமல் சிறைக்குச் சென்றபோது விலைகள் வீழ்ந்தன. அரசின் கடன் தீர்ப்பு நிதியைக் கொண்டு சந்தையில் பத்திரங்களை வாங்கி ஹாமில்டன் வீழ்ச்சியைத் தடுத்தார். அதே டூயர்தான் மேற்கே போரிட்ட படைக்கு உணவு வழங்கும் ஒப்பந்தக்காரராகவும் இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. அப்படையின் கதையைக் கீழே காண்க.

விஸ்கி மீதான வரி கிளர்ச்சியாக வெடித்தது ஏன்?

மாநிலக் கடனை ஏற்றபின் சுங்கத் தீர்வை மட்டும் போதவில்லை. 1791 மார்ச்சில் உள்நாட்டில் வடிக்கும் மதுவுக்குக் கலால் வரி விதிக்கப்பட்டது. கடற்கரை நகரத்தாருக்கு அது ஆடம்பரப் பொருளின் மீதான வரி. மேற்குப் பென்சில்வேனிய உழவருக்கோ அது பிழைப்பின் மீது விழுந்த வரி. மலைத்தொடரைக் கடந்து தானிய மூட்டையைக் கிழக்குச் சந்தைக்குக் கொண்டுபோனால் வண்டிக்கூலிக்கே விலை சரியாகிவிடும். அதே தானியத்தை விஸ்கியாக வடித்தால் பொதிகுதிரையில் ஏற்றலாம். ரொக்கம் அரிதான அப்பகுதியில் கூலிக்கும் கொள்முதலுக்கும் விஸ்கியே பணமாகப் புழங்கியது. வரியையோ ரொக்கமாகக் கட்டவேண்டும். ஆண்டு முழுதும் இயங்கும் பெரிய வடிசாலைக்குக் காலன் ஒன்றுக்கு விழும் சுமை குறைவு, அறுவடைக்குப் பின் சில மாதங்களே வடிக்கும் சிறு உழவருக்கு அதிகம். வரி கட்டாதவர் மீதான வழக்கு 300 மைலுக்கு அப்பால் பிலடெல்பியாவில் நடக்கும். அங்கே போய்வருவதே ஒருவரை ஓட்டாண்டியாக்கிவிடும். 1794-இல் உள்ளூர் நீதிமன்றத்திலேயே விசாரிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அவ்வாண்டு ஜூலையில் கொண்டுசெல்லப்பட்ட அழைப்பாணைகள் பழைய முறைப்படி பிலடெல்பியாவுக்கே அழைத்தன.

அவ்வழைப்பாணைகள் தீப்பொறியாயின. கலால் ஆய்வாளர் ஜான் நெவிலின் இல்லம் கொளுத்தப்பட்டது. இருபுறமும் துப்பாக்கிச் சூடு நடந்தது. கிளர்ச்சியாளர்களின் தலைவரான, விடுதலைப் போரில் படை நடத்திய ஜேம்ஸ் மக்ஃபார்லன் கொல்லப்பட்டார். சில நாள்களில் பிட்ஸ்பர்க் அருகே ஆயிரக்கணக்கானோர் ஆயுதத்தோடு திரண்டனர். வாஷிங்டன் முதலில் பேச்சுவார்த்தைக் குழுவை அனுப்பினார், பிறகு நான்கு மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, பெட்ஃபோர்டு வரை தாமே உடன் சென்றார். எதிர்த்து நிற்க அங்கே யாருமில்லை. பிடிபட்டவர்களில் தேசத்துரோகக் குற்றம் உறுதியானது இருவர் மீது மட்டுமே. அவ்விருவரையும் அவர் மன்னித்தார்.

சட்டம் எங்கும் செல்லும் என்பது நிலைநாட்டப்பட்டது என்று பல வரலாற்று நூல்கள் இதைப் பாராட்டுகின்றன. நானும் அந்த மன்னிப்பைப் பாராட்டுகிறேன். ஆனால் ஊதியச் சீட்டை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு மேற்கே குடியேறிய வீரர்கள் அப்பகுதியில் பலர் இருந்தனர். அதே சீட்டுக்கு நகரத்தார் பெறும் வட்டியைக் கட்டத்தான் அவர்களிடம் இப்போது வரி கேட்கப்பட்டது. அவர்களது சினத்தை வெறும் குடிவெறி என்று தள்ளிவிட முடியாது. அந்த வரி 1802-இல் ஜெஃபர்சன் ஆட்சியில் நீக்கப்பட்டது.

தொல்குடி மக்களோடு நடந்த போருக்கும் கடனுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. மேற்கு நிலங்களை விற்றுவரும் பணம் கடனை அடைக்கவே என்று 1790-இன் கடன் சட்டம் ஒதுக்கியது. ஆனால் ஓஹாயோ ஆற்றுக்கு வடக்கே அந்நிலத்தில் மயாமி, ஷானி முதலிய மக்கள் வாழ்ந்தனர். அதை அவர்கள் விற்கவில்லை. 1790-இல் அரசு அனுப்பிய படையை அவர்கள் தோற்கடித்தனர். 1791 நவம்பர் 4 அன்று ஆர்தர் செயின்ட் கிளேரின் படையை லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட் ஆகியோரின் தலைமையில் தாக்கி 600-க்கும் மேற்பட்ட வீரர்களைக் கொன்றனர். ஒப்பந்தக்காரர் டூயரின் வழங்கல் அப்படைக்குத் தரமாகவும் நேரத்துக்கும் சென்று சேரவில்லை. பின்னர் ஆந்தனி வெய்ன் பயிற்றுவித்த புதிய படை 1794 ஆகஸ்டில் ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் வென்றது. மறு ஆண்டு கிரீன்வில் ஒப்பந்தத்தில் இன்றைய ஓஹாயோ மாநிலத்தின் பெரும்பகுதி பறிபோனது. தொல்குடிகளிடம் நியாயமாக நடக்கவேண்டும் என்று வாஷிங்டனும் போர்ச் செயலர் ஹென்றி நாக்சும் எழுதியவை உண்மையான அக்கறையோடு எழுதப்பட்டவையே. ஆனால் அந்த நிலத்தையே நம்பியிருந்த கருவூலத்தின் தேவை அந்த அக்கறையை வென்றுவிட்டது.

பிரான்ஸ் புரட்சியின்போது அமெரிக்கா நடுநிலை வகித்தது நன்றிகெட்ட செயல் அல்லவா?

அப்படித்தான் அன்று பலர் கருதினர். விடுதலைப் போரில் உதவிய பிரான்சோடு 1778-இன் நட்பு ஒப்பந்தம் நடப்பில் இருந்தது. எனினும் பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்கியவுடன், 1793 ஏப்ரல் 22 அன்று வாஷிங்டன் நடுநிலையை அறிவித்தார். கடற்படையே இல்லாத நாடு, தன் வருவாய்க்கு ஊற்றான பிரிட்டிஷ் வணிகத்தைத் துண்டித்துக்கொண்டால் பத்திரங்களுக்கு வட்டி கட்ட முடியாது. பிரெஞ்சுத் தூதர் ஜெனே அமெரிக்கத் துறைமுகங்களில் தனியார் போர்க்கப்பல்களை ஆயத்தம் செய்தபோது, அவரைத் திரும்பப் பெறுமாறு அரசு கேட்டது. அதில் ஹாமில்டனும் ஜெஃபர்சனும் ஒன்றுபட்டனர்.

பிரிட்டன் அந்த நடுநிலையை மதிக்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் நூற்றுக்கணக்கான அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தது. தலைமை நீதிபதி ஜான் ஜே லண்டன் சென்று 1794 நவம்பரில் செய்துகொண்ட உடன்படிக்கை, கோட்டைகளை மீட்டுத் தந்தது, போரைத் தவிர்த்தது, மற்றவற்றில் மிகுதியாக விட்டுக்கொடுத்தது. செனட் 20-க்கு 10 என்று, தேவையான மூன்றில் இரு பங்கை இம்மியும் மிஞ்சாமல் ஒப்புதல் அளித்தது. ஊர்தோறும் ஜேயின் உருவ பொம்மைகள் எரிந்தன. 1796-இல் பிரதிநிதிகள் அவை அதற்கான நிதியை 51-க்கு 48 என்ற வாக்கிலேயே அனுமதித்தது.

அந்த உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு தமிழகக் கடற்கரையையும் தொட்டது: பிரிட்டிஷார் வசமிருந்த இந்தியத் துறைமுகங்களில் வணிகம் செய்ய அமெரிக்கக் கப்பல்களுக்கு உரிமை தந்தது, சென்னையும் அவற்றுள் அடங்கும். அமெரிக்கக் கப்பல் ஒன்று 1784 டிசம்பரிலேயே, பிரெஞ்சுக் குடியேற்றமான புதுச்சேரிக்கு வந்திருந்தது.

அடிமைமுறையை அவ்வரசு எப்படிக் கையாண்டது?

பேசாமல் தள்ளிவைத்தது. 1790 பிப்ரவரியில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரும், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கையெழுத்தோடு பென்சில்வேனிய அடிமை ஒழிப்புக் கழகமும் அடிமைமுறைக்கு எதிராக மனு அளித்தபோது, மாநிலங்களுக்குள் அடிமைகளை விடுவிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று பிரதிநிதிகள் அவை முடித்துக்கொண்டது. 1793-இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டத்தில் வாஷிங்டன் கையெழுத்திட்டார். ஆறு மாதம் தொடர்ந்து தங்கிய அடிமை விடுதலை கோரலாம் என்ற பென்சில்வேனியச் சட்டத்திலிருந்து தப்ப, தம் வீட்டு அடிமைகளை அவ்வப்போது மாநிலத்துக்கு வெளியே அனுப்பி அழைத்துவந்தார். 1796-இல் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் பிலடெல்பியாவின் அதிபர் மாளிகையிலிருந்தே தப்பிச் சென்றார். ஆள் வைத்துத் தேடியும் அவர் திரும்பவில்லை. கடன் விவாதத்தில் சொல்லின் நேர்மையைப் பற்றி அவ்வளவு பேசியவர்கள் இதில் மௌனமாக இருந்ததை எந்தக் காலச் சூழலும் நியாயப்படுத்தாது.

அரசியல் கட்சிகள் அப்போதே தோன்றிவிட்டனவா?

ஆம். கடனும் வங்கியும் பிளவைத் தொடங்கின, பிரான்ஸ் அதை ஆழப்படுத்தியது. ஜெஃபர்சன் 1793 இறுதியிலும் ஹாமில்டன் 1795 ஜனவரியிலும் விலகினர். 1789-இலும் 1792-இலும் ஒருமனதாகத் தேர்வான வாஷிங்டன், மூன்றாம் முறை வேண்டாம் என்று 1796 செப்டம்பரில் நாளிதழ் வழியே அறிவித்தார். அடுத்த தேர்தலில், அதிபரைத் தெரிவுசெய்யும் தேர்வாளர்களிடம் துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் 71 வாக்கும் ஜெஃபர்சன் 68 வாக்கும் பெற்றனர்.

அவர் விலகியபோது கடன் தீர்ந்திருந்ததா?

இல்லை, 1797 மார்ச்சில் ஏறத்தாழ 8 கோடி டாலர் நிலுவையில் இருந்தது. மாறியது கடனின் அளவன்று, அதன் மதிப்பு. ஒருகாலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த அமெரிக்கப் பத்திரத்தை ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் விரும்பி வாங்கினர். கடன் முழுதும் தீர்ந்தது 1835 ஜனவரியில்.

சீட்டை விற்றுவிட்ட வீரர்களுக்குப் பின்னர் ஏதேனும் கிடைத்ததா?

1818-இல், போர் முடிந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு, வறுமையில் வாடும் முன்னாள் வீரருக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் தரச் சட்டம் வந்தது. எதிர்பார்த்ததைவிட மிகுதியான பேர் விண்ணப்பித்ததால், 1820-இல் விதி கடுமையாக்கப்பட்டது. அதன்படி முதியவர்கள் நீதிமன்றத்துக்கு வந்து, தங்களிடமுள்ள சட்டி, நாற்காலி, பசு முதலியவற்றை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்து, தாங்கள் ஏழைகள்தாம் என்று சத்தியம் செய்யவேண்டியிருந்தது.